புன்னைக்காயல் பாதிரியாரும் 'ஏன் கம்பெனி மாறுறீங்க?' கேள்வியும்

இன்டர்வியூல எல்லாக் கேள்விக்கும் பதில் தயார் பண்ணிட்டுப் போவோம். "இப்போ இருக்குற கம்பெனிய விட்டு ஏன் வர்றீங்க?"ன்னு கேட்கும்போதுதான் நாக்கு ஒட்டிக்கும். சம்பளம்னு சொல்ல முடியாது, மேனேஜர்னு சொல்லவே கூடாது. சரி, நீங்களா வரல, அவங்களே அனுப்பிட்டாங்கன்னா? அதுவும் பார்த்த வேலைக்காக இல்ல, பிறந்த வீட்டுக்காகன்னா?

அப்படி ஒருத்தர் தாமிரபரணி கடல்ல சேர்ற புன்னைக்காயல்ல வாழ்ந்தார். பெயர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். நம்ம பக்கம் அண்டிரிக் அடிகளார்.

1520இல் போர்ச்சுகலின் விலா விசோசாவில் பிறந்தவர், யூத வம்சம். அந்த நாட்டு யூதர்களை 1497இல் கட்டாயமாக மதம் மாற்றியிருந்தார்கள். மாறிய பிறகும் பேரன், பேத்தி வரை 'புதுக் கிறிஸ்தவர்' என்ற முத்திரை போகல. ஹென்றிக்கஸ் முதலில் சேர்ந்தது பிரான்சிஸ்கன் சபை. வம்சத்தைக் காரணம் காட்டி வெளியே அனுப்பிட்டாங்க.

1545இல் இயேசு சபைக்கு வந்தார். போப்பின் அங்கீகாரம் கிடைச்சு அஞ்சே வருஷம், கிட்டத்தட்ட ஸ்டார்ட்அப். அடுத்த சில வருஷங்கள்ல அதன் நிறுவனர் இக்னேஷியஸ் லொயோலா, சேர வர்றவங்கள என்ன கேட்கணும்னு விரிவா எழுதி வைத்தார். அசல் இன்டர்வியூ ஷீட்தான் அது. கடன் இருக்கா? நோய் இருக்கா? இங்கே சேரணும்னு எப்போ தோணுச்சு, எங்க ஆள் யாராவது இழுத்தாங்களா? குடும்பம் பழைய கிறிஸ்தவமா, புதுசா? முன்னாடி வேற சபையோட அங்கி போட்டிருக்கீங்களா? போட்டிருந்தா பொதுவா இடமில்லை. முதல் அழைப்பிலேயே நிலைச்சு நிக்கணுமாம்.

ஹென்றிக்கஸுக்குக் கடைசி ரெண்டுமே சிக்கல். ஆனா குடும்பக் கேள்வி, ஆளைத் தெரிஞ்சுக்கத்தான். யூத வம்சத்துக்கு லொயோலா கதவைச் சாத்தல. (நம்ம ஊர்ல "சொந்த ஊர் எது?"ன்னு ஆரம்பிச்சு "ஊர்ல எந்தப் பக்கம்?"னு போறது எதைத் தெரிஞ்சுக்கன்னு உங்களுக்கே தெரியும்.) அவரைச் சேர்த்துக்கிட்டாங்க. 1546இல் கப்பல் ஏத்திட்டாங்க.

அதுக்கப்புறம் முத்துக்குளித்துறையில் ஐம்பது வருஷத்துக்கும் மேல. பரதவர்களோட பேசிப் பேசித் தமிழ் கத்துக்கிட்டு, போர்த்துகீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம், இந்திய மொழி ஒன்றில், அதன் எழுத்திலேயே, இந்தியாவில் அச்சான நூல்களில் இன்று கிடைப்பதில் பழசு அதுதான். 1586இல் 'அடியார் வரலாறு', அறுநூறு பக்கத்துக்கு மேல. அது அச்சான ஊராகச் சொல்லப்படுவது புன்னைக்காயல். பழைய கம்பெனி இழந்தது என்னன்னு இதுக்கு மேல விளக்கணுமா?

ஆனா புதுக் கம்பெனியும் மாறுச்சு. 1593இல், லொயோலா இறந்து 37 வருஷம் கழித்து, யூத வம்சத்தவரை இனி சேர்க்கக்கூடாது என்று இயேசு சபை முடிவெடுத்தது. ஹென்றிக்கஸுக்கு அப்போ 73 வயது. அன்னைக்கு விண்ணப்பிச்சிருந்தா, ஏன் மாறுறீங்கன்ற கேள்வி வரைக்கும்கூட அவரை விட்டிருக்க மாட்டாங்க. 1600இல் புன்னைக்காயலில் இறந்தார், இயேசு சபைக்காரராகவே. 1608இல் கொஞ்சம் தளர்ந்த அந்தத் தடை, முழுசா நீங்கினது 1946இல்.