ஓடும்போது விலாவில் குத்துகிறதா? அது நடிப்பல்ல

ஆண்டின் முதல் தவணை வந்தால் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் களைகட்டும். இறக்குவானை, பலாங்கொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளும் இதற்கு விலக்கல்ல. 1,500 மீற்றர் ஓட்டத்தில் நன்றாக ஓடிவந்த பிள்ளை ஒன்று விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். பார்த்து நிற்பவர்கள் ‘நடிக்கிறாள்’ என்பார்கள். அடுத்த வருடம் அந்தப் பிள்ளை போட்டிக்குப் பெயர் கொடுக்காது.

உண்மையில் இந்த வலி மிகச் சாதாரணமானது. அவுஸ்திரேலிய ஆய்வாளர்களான டெரன் மோர்டன், ரொபின் கலிஸ்டர் ஆகியோர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஓட்டக்காரர்களில் 69 வீதமானோர் முந்தைய ஓராண்டுக்குள் இதை அனுபவித்ததாகக் கூறியிருந்தனர். வயது குறைந்தவர்களுக்கே இது அதிகம் வருகிறது.

இதற்கான காரணம் இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை. வயிற்றறையின் உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு உராய்வினால் உறுத்தப்படுவதே காரணம் என்பது முக்கியமான விளக்கங்களில் ஒன்று. வயிறு நிரம்பியிருந்தால் வலி வரும் வாய்ப்பு கூடும்.

ஓட்டத்துக்குச் சற்று முன்னர் குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பது எங்கள் பாடசாலைகளின் பழக்கம். ஆனால், இனிப்பு அதிகமான பானங்கள் இந்த வலியைத் தூண்டக்கூடும் எனப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. பலம் வரட்டும் என்று கொடுப்பதே பிள்ளையை நிறுத்திவிடலாம்.

முன்கூட்டியே செய்யக்கூடியவை

- வயிறு நிறையச் சாப்பிடுவதை ஓட்டத்துக்கு இரண்டு மணித்தியாலங்களுக்கு முன்னரே முடித்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பிள்ளையைப் பட்டினியோடு ஓட விடவேண்டாம்.
- ஒரேயடியாகக் குடிக்காமல், வெறும் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள்.
- உடலைச் சூடாக்கிய பின், மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.

வலி வந்தால்

- வேகத்தைக் குறைக்கவும், தேவையானால் நடக்கவும்.
- ஆழமாக மூச்செடுத்து மெதுவாக விடவும்.
- வலிக்கும் இடத்தைக் கையால் அழுத்தி, முன்பக்கமாகச் சற்றுக் குனியவும்.

பெரும்பாலும் சில நிமிடங்களில் வலி அடங்கிவிடும். ஓய்வெடுத்த பின்னரும் அடங்காவிட்டாலோ, வலது அடிவயிற்றில் வலி நீடித்துக் காய்ச்சல், வாந்தி வந்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். நெஞ்சு வலி, மயக்கம் என்றால் சிறிதும் தாமதிக்கக்கூடாது. தோட்டத்தில் வாகனம் கிடைக்கும்வரை காத்திருக்காமல் 1990 இலவச அம்பியூலன்ஸ் சேவையை அழையுங்கள்.

மற்றபடி, விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள். மூச்செடுக்கச் சொல்லிக்கொடுத்தால் அது மீண்டும் ஓடும்.