பாய்மரப் படகு அறைச் சாளரக் கசிவு

பாய்மரப் படகு அறைச் சாளரக் கசிவு என்பது, பாய்மரப் படகின் தங்கும் அறைச் சுவரில் பொருத்தப்பட்டுள்ள சாளரங்களின் ஓரங்கள் வழியாக மழைநீரோ கடல்நீரோ உள்ளே புகுவதைக் குறிக்கும். 1960களிலிருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெருமளவில் கட்டப்பட்ட கண்ணாடியிழைப் படகுகளில் இது மிகப் பொதுவான குறைபாடு ஆகும். இப்படகுகளின் உடற்பகுதி பல பத்தாண்டுகள் நிலைத்து நிற்கிறது. ஆனால் சாளரத்தைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டையும் பசையும் அவ்வளவு காலம் உழைப்பதில்லை. எனவே பழைய படகை வாங்குவோர் பெரும்பாலும் கசியும் சாளரத்தையும் சேர்த்தே வாங்குகின்றனர்.

அமைப்பு

திறக்க முடியாத சாளரங்கள் பொதுவாக இரண்டு வகையாக அமைகின்றன. ஒன்றில், அலுமினியச் சட்டம் அறைச் சுவரை உள்ளும் புறமும் கவ்விப் பிடிக்க, தகடு ரப்பர்ப் பட்டையால் சட்டத்தினுள் இருத்தப்படுகிறது. மற்றொன்றில் சட்டம் இல்லை. தகடு சுவரின் வெளிப்புறத்தில் நேரடியாகத் திருகாணியாலோ பசையாலோ பொருத்தப்படுகிறது. தகடு பெரும்பாலும் அக்ரிலிக்கால் ஆனது. பெர்ஸ்பெக்ஸ், பிளெக்சிகிளாஸ் என்பன இதன் வணிகப் பெயர்களாகும். சில படகுகளில் பாலிகார்பனேட்டோ கடினமாக்கப்பட்ட கண்ணாடியோ காணப்படும்.

காரணங்கள்

வெயிலில் ரப்பரும் பசையும் இறுகி வெடிப்பது வெளிப்படையான காரணம். இதைவிட முக்கியமானது வெப்ப விரிவு. 1 மீட்டர் நீளமுள்ள அக்ரிலிக் தகடு 30 பாகை செல்சியசு சூடேறினால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீள்கிறது. அதே நீள அலுமினியம் 0.7 மில்லிமீட்டர் அளவே நீள்கிறது. நாள்தோறும் பகலில் நீண்டும் இரவில் சுருங்கியும் வரும் தகட்டின் ஓரத்தில் உள்ள பசை, இந்த வேறுபாடு முழுவதையும் தாங்க வேண்டியுள்ளது. 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள பசைப்படலம் இழுபட்டுக் கொடுக்கும். திருகாணிகளை மிகையாக முறுக்கியதால் தாள் போல் நசுங்கிய படலம் கிழிந்துவிடும். இறுக்க இறுக்கக் கசிவு நிற்கும் என்ற எண்ணம் தவறானது. காற்றழுத்தத்தால் பாயும் வடங்களும் இழுக்கும்போது படகின் உடல் சிறிது முறுக்குண்பதும் இணைப்பைத் தளர்த்துகிறது.

விளைவுகள்

படுக்கை நனைவது சிறு தொல்லையே. உண்மையான கேடு கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்கிறது. பல படகுகளின் மேல்தளமும் சிலவற்றின் அறைச் சுவரும், இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே பால்சா மரத்தையோ ஒட்டுப்பலகையையோ வைத்துக் கட்டப்பட்டவை. சாளரத்துக்காக வெட்டிய ஓரத்தை மூடாமல் விட்டிருந்தால், கசியும் நீர் அதன் வழியே மரத்தில் இறங்கி அதை உளுக்கச் செய்கிறது. நடு அடுக்கு உளுத்தபின் தோல்கள் மட்டும் வலுத் தரா. ஒரு நாள் வேலையாக முடிந்திருக்க வேண்டிய சாளரப் பழுது, சுவரையே பிரித்துக் கட்டும் பெரும் பணியாக மாறுவது இவ்வாறே.

கண்டறிதல்

நீர் சொட்டும் இடம் நீர் புகும் இடமாக இருக்க வேண்டியதில்லை. மேலே உள்ள கைப்பிடியின் திருகாணித் துளையில் புகுந்த நீர், உட்பூச்சுக்குப் பின்னே ஓடிச் சாளரத்தின் கீழ் மூலையில் வெளிப்படலாம். குளிர்ந்த இரவில் மூச்சின் ஈரம் தகட்டில் படிவதும் கசிவாகத் தவறாக எண்ணப்படுவதுண்டு. ஒருவர் உள்ளே பார்த்திருக்க, மற்றொருவர் குழாய் நீரைச் சாளரத்தின் கீழ் ஓரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே கொண்டுசெல்வது எளிய சோதனை. மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து எதுவும் விளங்காது. சுவரைச் சிறு சுத்தியலின் பிடியால் தட்டும்போது, கணீரென்ற ஒலிக்கு மாறாக மங்கிய ஒலி எழுந்தால் உள்ளே மரம் கெட்டிருக்கக்கூடும்.

சீரமைத்தல்

வெளி ஓரத்தில் மட்டும் பசை பூசுவது நிலையான தீர்வு ஆகாது. அது நீரைத் தடுப்பதைவிட, உள்ளே புகுந்த நீரை வெளியேறவிடாமல் அடைப்பதே மிகுதி. சாளரத்தை முழுமையாகக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். சிலிக்கோனின் எச்சம் சிறிதேனும் இருந்தால் வேறு பசையோ வண்ணப்பூச்சோ அதன்மேல் ஒட்டாது. உளுத்த மரத்தை ஓரத்திலிருந்து தோண்டி எடுத்து, எஞ்சியதை நன்கு உலரவிட்டு, தடித்த எப்பாக்சியால் நிரப்ப வேண்டும். பலர் அவசரத்தில் தவிர்த்துவிடும் படி இதுவே.

அக்ரிலிக்கைத் துடைக்க அசிட்டோனையோ அமோனியா கலந்த கண்ணாடித் தூய்மியையோ பயன்படுத்தலாகாது. தகட்டில் நுண்வெடிப்புகள் தோன்றும். திருகாணித் துளைகள் திருகாணியைவிடச் சற்றுப் பெரியனவாக இருத்தல் வேண்டும். கூம்புத் தலைத் திருகாணிகள் ஆப்புப் போல் தகட்டைப் பிளப்பதால், தட்டையான அடிப்பக்கம் கொண்டவையே ஏற்றவை.

பசைத் தேர்வில் தவறு நேர்வது மிகுதி. பாலிசல்பைடு வகை அக்ரிலிக்கையும் பாலிகார்பனேட்டையும் தாக்கும். வலிய பாலியூரித்தேன் பசைகள் பின்னர் தகட்டைப் பிரிக்கவே விடா. வினிகர் மணம் வீசும் சிலிக்கோன் அலுமினியத்தை அரிக்கும் ஆதலால், அம்மணமற்ற நடுநிலைச் சிலிக்கோனே சட்டமற்ற தகடுகளுக்குப் பொருந்தும். அலுமினியச் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே பியூட்டைல் நாடா நன்கு பயன்படுகிறது. இது இறுகிப் போவதில்லை. பின்னாளில் கழற்றவும் எளிது.

தகட்டைப் பதிக்கும்போது ஓரங்களில் சிறு ரப்பர்த் துண்டுகளை வைத்தால் பசையின் தடிப்பு காக்கப்படும். திருகாணிகளை முதலில் கையிறுக்கமாக மட்டும் முடுக்கி, பசை உலர்ந்தபின் சிறிதளவு முடுக்குவர். புதிய தகடு பழையதைவிட மெல்லியதாக இருத்தல் கூடாது. பெரிய அலை பக்கவாட்டில் மோதும்போது சாளரம் உடைந்தால் படகினுள் நீர் நிறைந்துவிடும். சிறு படகுகளின் சாளரங்களுக்குரிய வலிமையையும் நீர்புகாத் தன்மையையும் ஐஎஸ்ஓ 12216 என்னும் பன்னாட்டுத் தரநிலை வரையறுக்கிறது.