சட்டைப் பையில் ஒரு கோ-பைலட்

1950-களின் அமெரிக்கா. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ஒரு ட்ரக் ஸ்டாப். பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை, கழிவறை. அழுக்கு ஜீன்ஸும் தொப்பியுமாக ஒருவர் உள்ளே வருவார். காபி சொல்வார். கண்ணைக் கசக்கிக்கொண்டே, ‘ராத்திரி முழுக்க ஓட்டணும், பென்னி ஏதாவது இருக்கா?’ என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். கடைக்காரர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு ஒரு சின்னப் பொட்டலத்தைத் தள்ளுவார். உள்ளே மாத்திரைகள்.

வந்தவர் டிரைவரே இல்லை. எஃப்.டி.ஏ. எனப்படும் அமெரிக்க உணவு - மருந்து நிர்வாகத்தின் இன்ஸ்பெக்டர்!

இது சினிமாக் காட்சி அல்ல. நிஜமாகவே லாரிக்காரர் வேஷம் கட்டி, கடை கடையாக ஏறி மாத்திரை வாங்கினார்கள். வாங்கியதையே ஆதாரமாக வைத்து வழக்குப் போட்டார்கள். இன்றைக்கு ஓர் அமெரிக்க லாரி டிரைவர் மருத்துவப் பரிசோதனைக்குப் போனால், ‘என்னென்ன மருந்து சாப்பிடறீங்க?’ என்று ஒரு கேள்வி வருகிறதே, அதற்குப் பின்னால் இந்தக் கூத்தும் இருக்கிறது.

‘பென்னி’யின் முழுப்பெயர் பென்சிட்ரின். ஆம்பெட்டமின் சாதி. 1930-களில் ஸ்மித், க்ளைன் அண்ட் ஃபிரெஞ்ச் என்ற பிலடெல்ஃபியா கம்பெனி மூக்கடைப்புக்கு ஒரு குழாய் விற்றது. உள்ளே மருந்தில் நனைத்த காகிதச் சுருள். மூக்கில் வைத்து இழுத்தால் அடைப்பு விலகும். கூடவே தூக்கமும் விலகும். விவரம் தெரிந்தவர்கள் குழாயை உடைத்து, காகிதத்தை எடுத்துக் காபியில் ஊறப்போட்டார்கள். பின்னாலேயே மாத்திரையும் வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவும் பிரிட்டனும் தங்கள் வீரர்களுக்கு இதைக் கொடுத்தன. ஜெர்மனி, பெர்விட்டின் என்று இன்னும் காட்டமான ஒன்றைக் கொடுத்தது.

போர் முடிந்தது. மாத்திரை முடியவில்லை.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் ஏறக்குறைய 4,500 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லி போய்த் திரும்பினால் எவ்வளவோ, அவ்வளவு. சரக்கு தக்காளியாக இருந்தால் அது டிரைவரின் தூக்கத்துக்காகக் காத்திருக்காது. அதனால் மாத்திரைக்குச் செல்லப்பெயர்கள் முளைத்தன. ‘எல்.ஏ. டர்ன்அரவுண்ட்’ என்றால், இதைப் போட்டுக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் போய் அப்படியே திரும்பிவிடலாம் என்று அர்த்தம். இன்னொரு பெயர் ‘கோ-பைலட்’. பக்கத்து சீட்டில் ஆள் இல்லை, சட்டைப் பையில் இருக்கிறான்!

ஆம்பெட்டமின் தூக்கத்தை ஒத்திப்போடும், அவ்வளவுதான். ஒழிக்காது. மருந்து இறங்கும்போது, தள்ளிப்போட்டதெல்லாம் மொத்தமாக வந்து சேரும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து விழித்திருந்தால் இல்லாத உருவங்கள் ரோட்டில் தெரிய ஆரம்பிக்கும். பின்னால் 20 டன் சரக்கு இருக்கும்போது இது நல்லதில்லை.

சரி, அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது?

மாநிலம் விட்டு மாநிலம் போகும் லாரி, பஸ்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் 1935-ல் ஒரு கமிஷனிடம் வந்தது. மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தகக் கமிஷன். டிரைவருக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று 1936 டிசம்பரில் அது ஒரு பட்டியல் போட்டது. நல்ல உடல், மன ஆரோக்கியம். நல்ல கண் பார்வை. போதுமான காது. போதைப்பழக்கம் கூடாது. அளவுக்கு மீறிய குடி கூடாது. ஐந்தே வரி. 1940 ஜனவரி முதல் புதிதாகச் சேரும் டிரைவர் டாக்டரிடம் சர்டிஃபிகேட் வாங்கி வர வேண்டும் என்றானது. 1954-லிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும்.

அந்தப் பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அபின், மார்ஃபின் அடிமைகள்தான் பட்டியல் போட்டவர்கள் மனதில் இருந்திருக்க வேண்டும். டாக்டரே எழுதிக் கொடுத்த மருந்தைச் சாப்பிட்டுவிட்டு வண்டியெடுக்கிறவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எப்படி இருக்கும்? இது டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே கொடுக்கலாம், இது சும்மா கேட்டாலே கொடுக்கலாம் என்று மருந்துகளை இரண்டாகப் பிரிக்கும் தெளிவான சட்டமே அமெரிக்காவில் 1951-ல்தான் வந்தது. கொண்டுவந்தவர்கள் டர்ஹாம், ஹம்ஃப்ரி என்று இரண்டு மக்கள் பிரதிநிதிகள். இருவருமே அரசியலுக்கு வருவதற்கு முன்னால் மருந்துக்கடைக்காரர்கள்! ஹம்ஃப்ரி பின்னாளில் துணை ஜனாதிபதி ஆனார்.

1970-ல் போதை தரும் மருந்துகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெரிய சட்டம். ஐந்து அடுக்கு. முதல் அடுக்கில் ஹெராயின் போன்றவை. டிரைவர் விதிகளும் அந்த வாக்கில் முழுசாகத் திருத்தி எழுதப்பட்டன. முதல் அடுக்கு மருந்து கூடாது, ஆம்பெட்டமின் கூடாது, வேறு போதை மருந்தும் கூடாது. அத்தனை மருந்துக் குடும்பங்கள் இருக்க, ஆம்பெட்டமினுக்கு மட்டும் தனியாகப் பெயர் சொல்லித் தடை. ட்ரக் ஸ்டாப் காலத்துப் பழைய கோபம் அது. இன்றைக்கும் அந்தச் சொல் விதியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அதே விதியில் பின்பக்கமாக ஒரு கதவும் உண்டு. மருந்து முதல் அடுக்கைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. டிரைவரின் உடல்நிலையை நன்கு அறிந்த டாக்டர் எழுதித் தந்ததாக இருக்க வேண்டும். ‘இதைச் சாப்பிட்டால் வண்டி ஓட்டுவதற்குப் பாதகமில்லை’ என்று அந்த டாக்டர் டிரைவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் ஓட்டலாம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசியுங்கள். மருந்து கொடுப்பவர் ஒரு டாக்டர். ஓட்டத் தகுதி உண்டா என்று பரிசோதிப்பவர் வேறொருவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. நடுவில் தகவல் கொண்டுபோக வேண்டியவர் டிரைவர். சர்டிஃபிகேட் கிடைக்காவிட்டால் அவருக்கு அடுத்த மாதம் சம்பளம் கிடையாது. அவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று நம்பித்தான் மொத்த ஏற்பாடும் ஓடியது.

1999 மே 9. அமெரிக்காவில் அன்னையர் தினம். லூசியானா மாநிலத்தின் லாபிளேஸ் ஊரிலிருந்து 43 பேர், பெரும்பாலும் வயதானவர்கள், மிசிசிப்பியில் உள்ள சூதாட்ட விடுதிக்கு ஒரு நாள் உல்லாசமாக பஸ்ஸில் கிளம்பினார்கள். காலை 9 மணி. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்குள் பஸ் மெதுவாக வலப்பக்கம் ஒதுங்கியது. சாலையை விட்டு இறங்கி, தடுப்பைத் தாண்டி, சரிவில் ஓடி, மண்மேட்டில் மோதியது. 22 பேர் செத்துப்போனார்கள்.

விசாரணைக்கு வந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் டிரைவரின் ஆஸ்பத்திரி ஆவணங்களைத் திறந்தது. திகைத்துப்போயிருப்பார்கள். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருந்தவர். இதயமும் பலவீனம். விபத்துக்கு முந்தைய இரவுகூட உடம்பு முடியாமல் சிகிச்சைக்குப் போய்வந்திருக்கிறார். ரத்தத்தில் கஞ்சா. போதாக்குறைக்கு டைஃபென்ஹைட்ரமின். ஜலதோஷத்துக்கும் அலர்ஜிக்கும் சும்மா கடையில் கிடைக்கிற, தூக்கம் வரவழைக்கிற மருந்து.

இத்தனைக்கும் அவர் கையில் செல்லுபடியாகும் மருத்துவச் சான்றிதழ் இருந்தது!

விபத்துக்குக் காரணம் என்று வாரியம் எழுதியதில் டிரைவரின் கடும் நோய் முதலில் வருகிறது. அதற்கு அடுத்தபடி, அவரைக் கண்டுபிடித்து விலக்கத் தவறிய சான்றிதழ் முறை. களைப்பு, கஞ்சா, தூக்க மருந்து எல்லாம் துணைக் காரணங்கள். அவருக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கு எல்லாம் தெரியும். சான்றிதழில் கையெழுத்துப் போட்ட இடத்துக்கு அது போய்ச் சேரவில்லை. அந்தத் தகவல் போக ஒரு வழியும் இல்லை.

அந்த டைஃபென்ஹைட்ரமினைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மறு வருடமே, 2000-ல், அயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை முடிவு வெளியானது. அசல் கார் மாதிரியே இருக்கும் ஒரு சிமுலேட்டரில் 40 பேரை உட்காரவைத்து ஓட்டச் சொன்னார்கள். ஒரு தடவை டைஃபென்ஹைட்ரமின் கொடுத்து, ஒரு தடவை மது கொடுத்து, ஒரு தடவை தூக்கம் தராத புதுவகை அலர்ஜி மருந்து கொடுத்து, ஒரு தடவை வெறும் மாத்திரை கொடுத்து. மதுவை விடவும் டைஃபென்ஹைட்ரமின்தான் ஓட்டத்தை மோசமாகக் கெடுத்தது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று: ‘உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?’ என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலுக்கும், அவர்கள் ஓட்டிய லட்சணத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ‘எனக்கு ஒண்ணும் பண்ணலை டாக்டர்’ என்று ஒரு டிரைவர் சொன்னால், பொய் சொல்லாமலேயே தப்பாகச் சொல்லலாம்.

2005-ல் ஒரு சட்டம் போட்டு, தகுதிப் பரிசோதகர்களுக்குத் தேசிய அளவில் ஒரு பதிவேடு வேண்டும் என்றார்கள். ஆற அமர யோசித்து 2012-ல் விதி எழுதினார்கள். 2014 மே 21 முதல், பயிற்சி பெற்று, பரீட்சை எழுதிப் பாஸ் செய்து, பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டும்தான் சர்டிஃபிகேட் தரலாம். நியூ ஆர்லியன்ஸ் விபத்து நடந்து 15 வருடம்!

இதில் ஒரு வேடிக்கை. பரிசோதகர் எம்.பி.பி.எஸ். மாதிரி டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தேர்ச்சி பெற்ற நர்ஸ் இருக்கலாம். எலும்பு, முதுகுத் தண்டை நீவிச் சரிசெய்யும் கைரோபிராக்டரும் மாநிலச் சட்டம் அனுமதித்தால் இருக்கலாம். அவரோ பெரும்பாலான மாநிலங்களில் ஒரு மாத்திரைகூட எழுதித் தர முடியாது. மற்றவர் எழுதிய மாத்திரையோடு ஓட்டலாமா என்று மட்டும் முடிவு சொல்லலாம்.

படிவத்திலும் கேள்வி விரிந்தது. டாக்டர் சீட்டு மருந்து, சீட்டில்லா மருந்து, மூலிகை, சத்து மாத்திரை என்று எல்லாவற்றையும் எழுதச் சொல்கிறார்கள். எழுதிய பிறகு பரிசோதகருக்குத்தான் தலைவலி. எதற்காக இந்த மருந்து? எத்தனை மில்லிகிராம்? போன வாரம் ஆரம்பித்ததா, ஐந்து வருடமாக ஓடுகிறதா? எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், எத்தனை மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்? ராத்திரி போட்ட தூக்க மாத்திரை காலையில் முழுசாக இறங்கியிருக்குமா? இது சும்மா சந்தேகம் இல்லை. 2013-ல் எஃப்.டி.ஏ., ஸோல்பிடெம் என்ற பிரபல தூக்க மாத்திரையின் அளவைப் பெண்களுக்குப் பாதியாகக் குறைக்கச் சொன்னது. காரணம், மறுநாள் காலையிலும் வண்டி ஓட்ட முடியாத அளவுக்கு மருந்து ரத்தத்தில் மிச்சமிருந்தது.

‘அதுதான் சிறுநீர் டெஸ்ட் எடுக்கிறார்களே?’ என்று கேட்கலாம். எடுக்கிறார்கள். ஆனால் கஞ்சா, கொக்கைன், அபின் வகைகள், ஆம்பெட்டமின், பி.சி.பி. என்று அந்த டெஸ்ட் ஒரு குறிப்பிட்ட பட்டியலைத்தான் தேடும். 2018-லிருந்து ஆக்ஸிகோடோன் போன்ற வலி மாத்திரைகளும் சேர்ந்தன. டைஃபென்ஹைட்ரமின் அந்த டெஸ்ட்டில் இல்லை. பதற்றத்துக்குக் கொடுக்கும் டயஸிபாம் வகையும் இல்லை. அதெல்லாம் டிரைவர் வாயால் சொன்னால்தான் உண்டு.

சொல்ல வைப்பது எப்படி? தடை ஒன்றே வழி என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்சுலின் உதாரணம். 1970 விதிப்படி, இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளி மாநிலம் தாண்டி லாரி ஓட்டவே கூடாது. ஓட்டும்போது சர்க்கரை சடாரென்று இறங்கினால் மயக்கம் வரும். அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் டிரைவர் பக்கம் நின்று பாருங்கள். ‘மாத்திரை போதவில்லை, இன்சுலினுக்கு மாறுங்கள்’ என்று டாக்டர் சொல்லும் நாள், வேலை போகும் நாள். அவர் என்ன செய்வார்? ‘இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் சார்’ என்பார். கட்டுப்படாத சர்க்கரையோடு, மங்கும் கண்ணோடு, சட்டப்படி சுத்தமாக வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்! 2003-ல்தான் தனித்தனியாக விண்ணப்பித்து விலக்குப் பெறும் வழி வந்தது. 2018 நவம்பரில் தடையே போனது. இப்போது மூன்று மாத சர்க்கரைப் பதிவுகளைக் காட்ட வேண்டும். வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும். 45 நாளுக்குள் பரிசோதகரிடம் போக வேண்டும். சர்டிஃபிகேட் அதிகபட்சம் ஒரு வருடத்துக்கு.

நான் இதைத்தான் இந்த வரலாற்றில் உருப்படியான திருப்பம் என்று சொல்வேன். மருந்தின் பெயரைப் பார்த்துக் கதவைச் சாத்தாமல், ஆளைப் பார்ப்பது. ஆனால் எல்லா மருந்துக்கும் அந்த நிதானம் வாய்த்ததில்லை. 2008 மே மாதத்தில், சிகரெட்டை விட உதவும் சான்டிக்ஸ் மாத்திரையைப் பற்றிச் சில பயங்கரப் புகார்கள் வந்தன. விமான ஓட்டிகளுக்கு உடனே தடை. லாரி டிரைவர்களிலும் அதைச் சாப்பிடுபவர்களுக்கு சர்டிஃபிகேட் தராமல் இருப்பது நல்லது என்று பரிசோதகர்களுக்கு யோசனை. ஆக, சிகரெட்டை விட முயன்றவருக்கு சிக்கல், ஊதிக்கொண்டே ஓட்டுபவருக்கு ஒன்றுமில்லை. அந்த மருந்தின் பெட்டியில் 2009-ல் போட்ட கறுப்புக் கட்ட எச்சரிக்கையை எஃப்.டி.ஏ. 2016-ல் நீக்கிவிட்டது.

மற்ற மருந்துகளுக்கும் இப்போது ஒரு படிவம் உண்டு. பரிசோதகர் அதை, மருந்து எழுதிய டாக்டருக்கு அனுப்பலாம். என்னென்ன மருந்து, எவ்வளவு, எந்த நோய்க்கு, இவர் ஓட்டுவதற்கு இவை பாதகமா என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ‘பாதகமில்லை’ என்று அவர் எழுதினாலும் பரிசோதகர் அதற்குக் கட்டுப்பட்டவர் இல்லை. கடைசி முடிவு இவருடையதுதான். சரியான ஏற்பாடு. ஆனால் படிவம் கட்டாயம் இல்லை. பரிசோதகர் அனுப்பாமலும் இருக்கலாம், அந்த டாக்டர் பதில் போடாமலும் இருக்கலாம்.

அந்தப் படிவத்தோடு வருபவர்களில், கவனச்சிதறல் நோய்க்கு அடரால் சாப்பிடும் டிரைவரும் உண்டு. அடரால் என்பது ஆம்பெட்டமின்தான். பென்னியின் நேரடி வாரிசு. டிரைவர் கையில் முறையான டாக்டர் சீட்டு இருக்கிறது. தினமும் ஒழுங்காகச் சாப்பிட்டால்தான் அவரால் கவனமாக ஓட்ட முடிகிறது என்றுகூட டாக்டர் சொல்லலாம். பரிசோதகர் அந்த டாக்டருக்குப் படிவத்தை அனுப்பிவிட்டு, ‘முடிவு நிலுவையில்’ என்று பதிவு செய்கிறார். நிலுவைக்குக் கெடு 45 நாள். அதற்குள் பதில் வராவிட்டால் டிரைவர் மறுபடியும் முதலிலிருந்து பரிசோதனைக்கு வர வேண்டும். பழைய சர்டிஃபிகேட் நடுவில் காலாவதியாகிவிட்டால், அதுவரை லாரி ஷெட்டில்தான்.