பேராக் தோட்டங்களில் மர்ம, சரித்திர நாவல் வாசிப்பு

மலேசியாவின் பேராக் மாநில ரப்பர்த் தோட்டங்களிலும் ஈப்போ நகரிலும் வாழ்ந்த தமிழர்கள் இருபதாம் நூற்றாண்டில் விரும்பிப் படித்த அரண்மனைக் கதைகள், துப்பறியும் கதைகள், மன்னர் காலத்துக் காதல் கதைகள் ஆகியவற்றின் வரலாறு இது. இந்த வாசிப்பு இரண்டு அரண்மனைகளைக் கடந்து வந்திருக்கிறது. முதல் அரண்மனை இலண்டனில் இருந்தது; படித்தவர்களில் பலருக்கு அது தெரியாது. இரண்டாவது தஞ்சையில் இருந்தது. அதைத் தங்கள் பாட்டன் வீடாகவே நினைத்துப் படித்தார்கள்.

இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சித்தம் கலங்கியிருந்த 1811 முதல் 1820 வரையிலான ஆண்டுகளில் அவருடைய மகன் பிரதிநிதியாக ஆட்சி நடத்தினார். அதுதான் ரீஜென்சி காலம். ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் வெளிவந்ததும் அப்போதுதான். அக்காலத்தைக் களமாக வைத்துக் காதல் நாவல் எழுதுவதை 1935இல் 'ரீஜென்சி பக்' மூலம் ஜார்ஜெட் ஹேயர் ஒரு தனி வகையாக்கினார். தமிழுக்கு அந்தக் காலம் இவர்கள் இருவர் வழியாகவும் வரவில்லை. ஆஸ்டினின் விருந்துக்கூடம் வழியாக வராமல் கொல்லைப்புறம் வழியாக வந்தது. கொண்டுவந்தவர் ஜி.டபிள்யூ.எம். ரெயினால்ட்ஸ்.

ரெயினால்ட்ஸ் 1848 முதல் 1856 வரை வாராவாரம் ஒரு பென்னி விலையில் வெளியிட்ட 'இலண்டன் அரண்மனை மர்மங்கள்' தொடரில் அந்த இளவரசர்தான் முக்கியக் குற்றவாளி. கடன், குடி, கள்ளக்காதல், ஆள்மாறாட்டம் என ஒன்று பாக்கியில்லை. ரெயினால்ட்ஸ் முடியாட்சியை வெறுத்தவர், தொழிலாளர் வாக்குரிமைக்காகப் போராடிய சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் நின்றவர். அரண்மனையைக் கூலிக்காரனுக்குத் திறந்துகாட்டி ஏளனம் செய்வதே அவர் நோக்கம். ஆங்கில இலக்கியப் பேராசிரியர்கள் அவரை மதிக்கவில்லை. இந்தியாவிலோ அவரளவுக்குப் படிக்கப்பட்ட ஆங்கில நாவலாசிரியர்கள் மிகச் சிலரே.

தமிழில் அவரைக் குடியேற்றியவர்களில் தலையாயவர் ஆரணி குப்புசாமி முதலியார். 1915இல் தொடங்கிய 'ஆனந்தபோதினி' இதழின் ஆசிரியராக இருந்தவர். ரெயினால்ட்ஸின் அந்த நெடுந்தொடரை 'இரத்தினபுரி இரகசியம்' என்று ஒன்பது பாகங்களில் தழுவினார். பிரபுக்கள் ஜமீன்தார்களானார்கள், சீமாட்டிகள் புடவை கட்டினார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரையும், ஜே.ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனையும் படைத்து இந்தச் சந்தையைப் பெரிதாக்கினர். எல்லாமே திருட்டுச் சரக்கு என்று விமர்சகர்கள் முகம் சுளித்தது முழுக்க நியாயமல்ல. மாமியார் கொடுமையும் வக்கீல் குமாஸ்தாவும் ரெயினால்ட்ஸிடம் கிடையாது. அவை உள்ளூர்ச் சரக்கு.

இந்தப் புத்தகங்கள் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, ரயிலில் தைப்பிங், சுங்கை சிப்புட், ஈப்போ, தாப்பா என்று தெற்கே வந்தன. வாசகர்கள் சிலரே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் அந்தப் பள்ளி ஒரு கொட்டகை, வாத்தியார் ஒருவர். சில இடங்களில் கணக்கு எழுதும் கிராணியோ கூலிகளை மேற்பார்க்கும் கங்காணியோதான் வாத்தியார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, கேட்கத் தெரிந்தவர்கள் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுக்க. அதனால் இந்த நாவல்கள் கண்ணால் படிக்கப்பட்டதைவிடக் காதால் படிக்கப்பட்டதே அதிகம்.

ஒரு பிரதி போகும் வழி அநேகமாக இப்படித்தான் இருக்கும். முதலில் கிராணி வீடு, அடுத்து வாத்தியார், அதன் பிறகு லயம். விடியுமுன் பெயர்ப்பதிவுக்கான பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் மாலையில் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி உட்காருவார்கள். படிப்பவர் பாரதமும் அல்லி அரசாணி மாலையும் படித்த அதே இழுவை ராகத்தில் துப்பறியும் கதையையும் படிப்பார். அத்தியாயம் கொலையில் முடியும், நாளைக்குத்தான் மீதி. வாரத் தவணையில் விற்க ரெயினால்ட்ஸ் கையாண்ட உத்தி லயத்து முற்றத்துக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

மலாயாவில் எழுதப்பட்ட நாவலும் இந்த அச்சில்தான் பிறந்தது. முதல் மலாயாத் தமிழ் நாவல் என்று குறிக்கப்படும் வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' 1917இல் வந்தது. அந்த 'அல்லது' ஆரணியார் காலத்து முத்திரை. 1930களில் 'பத்துமலைக் கள்வன்' போன்ற துப்பறியும் நாவல்களும் இங்கே வெளிவந்தன. இதே காலத்தில் சீர்திருத்தக்காரர்கள் வேறு வாசிப்பைக் கோரினார்கள். 1929 டிசம்பரில் ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டுக்குப் பெரியார் வந்துபோன பிறகு பகுத்தறிவுப் பிரசுரங்கள் பரவின. புராணத்தைக் கைவிட்டவர்களும் மர்ம நாவலை விடவில்லை. அதில் சாமி இல்லை, சாமியார் மட்டும்தான், அவரும் துப்பறிந்தார்.

ஜப்பானியர் ஆட்சியில் தமிழ்நாட்டிலிருந்து புத்தகம் வருவது நின்றது. கையில் இருந்ததே திரும்பத் திரும்பப் படிக்கப்பட்டது.

போர் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியபோது ரசனை மாறியிருந்தது. கல்கியின் 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' இரண்டும் முடிந்து நூலாகக் கிடைத்தன. சோழர் கதையான 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடராகத் தொடங்கியது. பேராக்கில் அது நெருக்கடி நிலைக் காலம். 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டதை அடுத்து அது அறிவிக்கப்பட்டது. பிறகு தோட்ட லயங்கள் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன, இருட்டிவிட்டால் ஊரடங்கு. வேலிக்குள் அடைபட்ட மாலைகளில் 'பொன்னியின் செல்வன்' நாயகன் வந்தியத்தேவன் குதிரையில் போனான். 'ரஜூலா' கப்பல் இதழ்க்கட்டுகளைக் கொண்டுவரும். தொடர்ப் பக்கங்களை ஓவியர் மணியத்தின் படங்களோடு கிழித்தெடுத்துத் தைத்து வைப்பது வீட்டுக்கு வீடு வழக்கமானது.

சோழர் கதை இங்கே பிடித்ததற்கு இன்னொரு காரணம் நிலம். சோழ மன்னன் இராசேந்திரன் 1025இல் வென்ற கடாரம் பேராக்கின் வடக்கு எல்லைக்கு அப்பால் உள்ள கெடாதான். பேராக்கிலேயே டிண்டிங் ஆற்றங்கரையில் கங்கா நகரம் என்ற ஊரை ராஜா சூரன் என்னும் இந்திய மன்னன் அழித்ததாக மலாய் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு' சொல்கிறது. பீடோரில் ஈயச் சுரங்கம் தோண்டியபோது 1936இல் எட்டுக் கைகள் கொண்ட அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை கிடைத்தது. இப்படிப்பட்ட மண்ணில் அகிலனின் 'வேங்கையின் மைந்த'னையும், கருணாகரத் தொண்டைமான் கடலில் அலையும் சாண்டில்யனின் 'கடல் புறா'வையும் படிப்பது சென்னையில் படிப்பதைப்போல இருக்காது. கூலிச் சீட்டில் வந்திறங்கியவரின் பேரன், தன் மூதாதை இங்கே படையோடும் வந்தான் என்று தெரிந்துகொள்கிறான். இந்தப் பெருமிதம் ஆறுதல் தந்தது, கொஞ்சம் கண்ணையும் மறைத்தது. கடாரத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் படையெடுப்பு என்னவாக இருந்திருக்கும் என்று கேட்ட நாவல்கள் அரிது.

1950களிலிருந்தே தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டன. அதைத் தடுப்பதற்காகச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வி.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆனாலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன. வாசிப்பும் கூட்டத்திலிருந்து தனிமைக்கு மாறியது. தமிழ்வாணனின் சங்கர்லால், ராஜேஷ்குமார், ரமணிசந்திரன் என்று பஸ்ஸில் படித்து முடிக்கும் மாத நாவல்களின் காலம் அது. இவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, நிறைய விற்றன.

சரித்திர நாவல் தங்களைப் பற்றியும் இருக்கலாம் என்பது தாமதமாகவே தோன்றியது. அகிலன் இங்கே வந்துபோய் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். உள்ளூரிலிருந்தே ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' முதலியவை வந்தன. அரண்மனை இல்லாத சரித்திரக் கதைகள் இவை.

இத்தனைக்கும் மர்மத்துக்கும் அரண்மனைக்கும் பேராக்கிலேயே பஞ்சமில்லை. இலண்டனில் ரீஜென்சி நடந்துகொண்டிருந்த 1818இல், சயாமின் ஆணைப்படி கெடாப் படை பேராக்கைத் தாக்கியது. அதே ஆண்டு பினாங்கிலிருந்து வந்த கிராக்ராஃப்ட் பேராக் சுல்தானோடு வணிக உடன்படிக்கை செய்தார். 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில், ஆற்றோரக் குளியலறையில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். அதற்காகப் பேராக்கின் மலாய்த் தலைவர் மஹாராஜா லேலா 1877 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். அந்த ஆண்டிலேயே கோலகங்சாரில் பர்ச்சின் பதவிக்கு வந்திருந்த ஹியூ லோ, சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர் கன்றுகளைத் தன் வீட்டுத் தோட்டத்தில் நட்டார்.