வாலி பிப்புக்குத் தலைவலி வந்த கதை

பேஸ்பால் ஆடும் அமெரிக்கப் பையன் "இன்னிக்கு உடம்பு சரியில்லை கோச்" என்று இழுத்தால் அவனுக்குக் கிடைக்கிற முதல் மருந்து வாலி பிப்பின் கதைதான். 1925 ஜூன் 2. நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம். யாங்கீஸ் அணியின் ஃபர்ஸ்ட் பேஸ்மேன் பிப் தலையைப் பிடித்துக்கொண்டு வருகிறார், ஆஸ்பிரின் கேட்கிறார். மேனேஜர் மில்லர் ஹக்கின்ஸ், "சரி, இன்றைக்கு ஓய்வெடுத்துக்கொள். அந்தச் சின்னப் பையனை இறக்கிப் பார்க்கலாம்" என்கிறார். சின்னப் பையனின் பெயர் லூ கெரிக். அன்று ஃபர்ஸ்ட் பேஸில் போய் நின்றவன் 1939 வரை அந்த இடத்தை விடவில்லை. ஒரு ஆட்டம்கூடத் தவறாமல் தொடர்ந்து 2,130 ஆட்டங்கள். ஒரு தலைவலிக்கு லீவு போட்ட பிப்புக்கு வேலையே போயிற்று.

காயம்பட்டவனையும் எழுப்பி ஆடவைக்க இதைவிட வசதியான கதை கிடையாது. ரசிகர்களுக்கும் அப்படித்தான். தொடைத் தசை பிடித்துக்கொண்டது என்று யாராவது நான்கு ஆட்டம் உட்கார்ந்தால் உடனே பிப்பை இழுத்துவிடுவார்கள். ஒருவர் ஓய்வில் இருக்கும்போது அவர் இடத்தை இன்னொருவர் பறித்துக்கொண்டால், பிப்பின் பெயரையே வினைச்சொல்லாக்கி அவரைக் கேலி செய்வார்கள்.

ஆனால் பிப் அன்று உட்கார்ந்ததற்குத் தலைவலி காரணமில்லை. அவரை உட்கார வைத்தது ஹக்கின்ஸ். அந்தத் தலைவலி பிறகு பிறந்தது.

பேஸ்பாலில் அணிக்கு ஒன்பது பேர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால், யார் எந்த இடத்தில் நிற்பது, எந்த வரிசையில் பேட் பிடிப்பது என்று மேனேஜர் ஒரு சீட்டில் எழுதி அம்பயரிடம் கொடுப்பார். நடுவில் ஒருவரை வெளியே எடுத்தால் அந்த ஆட்டம் முடியும்வரை அவர் திரும்ப உள்ளே வர முடியாது. கிரிக்கெட்டைப் போல வாரக்கணக்கில் இடைவெளி எல்லாம் இங்கே இல்லை. அந்தக் காலத்தில் ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் முடிய 154 ஆட்டங்கள், ஏறக்குறைய தினமும் ஒன்று. அதனால் அந்தச் சீட்டும் தினசரி விவகாரம். இன்று யாரை ஏன் உட்கார வைத்தார் என்ற சண்டைதான் பேஸ்பால் ரசிகனுக்குக் காலைக் காப்பி.

1925-இல் ஹக்கின்ஸின் நிலைமையைப் பாருங்கள். 1921, 22, 23 என்று மூன்று வருடம் தொடர்ந்து லீக் பட்டம் வென்ற அணி. 1925 ஏப்ரலில் பேப் ரூத் வயிற்றுக் கோளாறால் சுருண்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிந்து, ஜூன் 1 அன்றுதான் மைதானத்துக்குத் திரும்பினார். அதற்குள் எட்டு அணிகள் கொண்ட லீகில் யாங்கீஸ் ஏழாம் இடத்துக்குச் சரிந்திருந்தது. மூத்த ஆட்டக்காரர்களுக்குக் கால் கனத்துவிட்டது. ஹக்கின்ஸ் உருவத்தில் குள்ளம், சட்டம் படித்தவர், தாட்சண்யம் பார்க்காதவர். மே முதல் வாரத்திலேயே அவர் எவரெட் ஸ்காட் என்ற ஷார்ட்ஸ்டாப்பை (செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில் நிற்பவர்) உட்கார வைத்துவிட்டார். ஸ்காட் சாதாரண ஆள் இல்லை. 1916-இலிருந்து தொடர்ந்து 1,307 ஆட்டங்கள் ஆடி, அந்த வகையில் அன்றைய சாதனையைக் கையில் வைத்திருந்தவர். வலியோ ஜுரமோ ஒரு நாளும் லீவு கேட்காத மனிதர். உறுதிதான் இடத்தைக் காப்பாற்றும் என்றால் முதலில் இவர் இடம் தப்பியிருக்க வேண்டும். பந்து அவர் கைக்கு எட்டவில்லை, பேட்டில் படவில்லை. சீட்டிலிருந்து பெயர் போயிற்று.

ஸ்காட் இடத்துக்கு வந்தவர் பீ வீ வானிங்கர். ஜூன் 1 அன்று வானிங்கருக்குப் பதிலாக ஒரே ஒரு முறை பேட் பிடிக்க அனுப்பப்பட்டவர் லூ கெரிக். 2,130-இல் முதல் ஆட்டம் அதுதான், ஜூன் 2 இல்லை. பழைய சாதனையை முடித்துவைத்தவனுக்கு மாற்றாள் போனபோதே அதை முறியடிக்கப்போகும் சாதனை தொடங்கிவிட்டது. இதை யாராவது கற்பனையில் எழுதியிருந்தால் நம்பமாட்டோம்.

மறுநாள் வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டம். ஹக்கின்ஸ் சீட்டில் மூன்று பெயர்களை அடித்தார். செகண்ட் பேஸில் ஆரன் வார்டு போய் ஹோவி ஷாங்க்ஸ் வந்தார். கேட்சர் வாலி ஷாங் போய் பென்னி பெங்கோ வந்தார். ஃபர்ஸ்ட் பேஸில் பிப் போய் கெரிக் வந்தார். மறுநாள் நியூயார்க் டைம்ஸ், ஹக்கின்ஸ் தன் வரிசையை உலுக்கித் துண்டு துண்டாக்கிவிட்டார் என்ற தொனியில்தான் எழுதியது. பிப்பின் அடி சராசரி அப்போது .250-க்கும் கீழே. முந்தைய வருடம் 114 ரன்களை அடித்துக் கொண்டுவந்தவர், ஒரே அடியில் தேர்ட் பேஸ்வரை ஓடும் ட்ரிபிளில் 19 அடித்து லீகிலேயே முதலிடம் பிடித்தவர், இப்போது தடுமாறிக்கொண்டிருந்தார். தலைவலிதான் காரணம் என்றால் வார்டுக்கும் ஷாங்குக்கும் அன்று என்ன வலி? மூன்று பேருக்கும் ஒரே காலையில் மண்டையிடி வந்ததா? இந்தக் கேள்வியைக் கேட்டாலே கதை படுத்துவிடும்.

21 வயது கெரிக் அன்று ஐந்து முறை பேட் பிடித்து மூன்று ஹிட் அடித்தார். யாங்கீஸ் 8-5 என்று ஜெயித்தது. ஆனாலும் இடம் அன்றே உறுதியாகிவிடவில்லை. ஜூலை தொடக்கத்தில் ஒரு நாள் ஃபர்ஸ்ட் பேஸில் ஃப்ரெட் மெர்க்கிலைத்தான் ஹக்கின்ஸ் இறக்கினார், கெரிக் கடைசியில்தான் உள்ளே வந்தார். பின்னால் நடக்கப்போவது யாருக்கும் அப்போது தெரியாது. தோற்றுக்கொண்டிருக்கிற மேனேஜர் கையில் இருந்த சீட்டையெல்லாம் மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

சரி, தலைவலி எங்கிருந்து வந்தது? ஜூலை 2. உட்கார வைத்து ஒரு மாதம் ஆனபின், ஆட்டத்துக்கு முந்தைய பேட்டிங் பயிற்சியில் பிப் நின்றிருந்தார். பந்து வீசியவர் பிரின்ஸ்டன் கல்லூரியிலிருந்து வந்த சார்லி கால்ட்வெல். பந்து நேராக பிப்பின் தலையில் மோதியது. சுருண்டு விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பல நாள் அங்கேயே படுக்கை.

ஹெல்மெட் இல்லாத காலம் அது. தலையில் துணித் தொப்பி மட்டும். அந்த அடி என்ன செய்யும் என்பது பிப்புக்குப் படித்துத் தெரிய வேண்டியதில்லை. 1920 ஆகஸ்ட் 16 அன்று போலோ கிரவுண்ட்ஸில் யாங்கீஸின் கார்ல் மேஸ் வீசிய பந்து கிளீவ்லாந்தின் ரே சாப்மனின் மண்டையில் பட்டுத் திரும்பியது. சத்தத்தைக் கேட்டு, பேட்டில்தான் பட்டது என்று நினைத்த மேஸ் அதைப் பொறுக்கி ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்தார். அங்கே நின்று அந்தப் பந்தைப் பிடித்தவர் வாலி பிப். சாப்மன் மறுநாள் விடியும் முன் இறந்துபோனார். மேஜர் லீக் ஆட்டத்தில் பந்து பட்டுச் செத்த ஒரே ஆட்டக்காரர் இன்றுவரை அவர்தான். அந்தப் பந்தைக் கையில் பிடித்த மனிதரைத்தான் தலைவலிக்குப் பயந்தவர் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூன் 2-இல் உட்கார வைத்தது, ஜூலை 2-இல் மண்டையில் பட்டது. இரண்டும் காலப்போக்கில் ஒன்றாகக் குழைந்தன. அந்த வருடம் முடிந்ததும் பிப்பை சின்சினாட்டிக்கு விற்றுவிட்டார்கள். கெரிக் ஒவ்வொரு ஆட்டமாக ஏறிக்கொண்டே போனார். எண்ணிக்கை பெருகப் பெருக, இவ்வளவு பெரிய விஷயம் ஏழாம் இடத்து அணியின் சாதாரண ஆள்மாற்றத்திலா தொடங்கியது என்று கேட்பவனுக்கு ஒரு தகுந்த தொடக்கம் வேண்டியிருந்தது. பிப்பே அதைக் கொடுத்தார் என்பதுதான் வேடிக்கை. வயதான காலத்தில், சரித்திரத்திலேயே அதிக விலையுள்ள இரண்டு ஆஸ்பிரின்களை விழுங்கியவன் நான் என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். விருந்து மேசையில் சொல்ல இது நல்ல கதை. "நான் சரியாக ஆடவில்லை, தூக்கிவிட்டார்கள்" என்பதை யார் கேட்கப்போகிறார்கள்?

பிப்பின் உறுதியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் 1923-ஐப் பேச வேண்டும். இரண்டு லீக் சாம்பியன்கள் மோதும் உலகத் தொடருக்குச் சற்று முன்னால் அவருக்குக் காயம். யாங்கீஸ் கெரிக்கைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டது. பேஸ்பால் கமிஷனர் லாண்டிஸ், எதிரணி ஒப்புக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். எதிரணியான ஜயன்ட்ஸின் மேனேஜர் ஜான் மெக்ரா முடியாது என்றார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பிப் உடம்பில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். யாங்கீஸ் தன் முதல் உலகத் தொடர் பட்டத்தை அப்போதுதான் வென்றது. துரத்திவிட்ட பிறகும் 1926-இல் சின்சினாட்டிக்காக ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் இறங்கி 99 ரன்களை அடித்துக் கொண்டுவந்தார். அந்த அணி இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் லீக் பட்டத்தை இழந்தது. தலைவலிக்காரர் இவர்தான்.

கெரிக்கின் உறுதியில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1934 ஜூன் கடைசியில் நார்ஃபோக்கில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில் தலையில் பந்து பட்டு நினைவிழந்தார். மறுநாள் வீக்கத்துக்கு மேல் பெரிய தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து மூன்று ட்ரிபிள் அடித்தார். மழை வந்து அந்த ஆட்டமே கணக்கில் வராமல் போனது வேறு விஷயம். ஆனால் இப்படி ஆடவிட்டதை வீரம் என்று மெச்ச என்னால் முடியவில்லை. மண்டையில் அடிபட்டவனை அன்று யாராவது பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து டெட்ராய்ட்டில் நடந்தது அதைவிடக் கூத்து. கெரிக்குக்கு முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியவில்லை. ஜூலை 14 அன்று சீட்டில் அவர் பெயர் முதலாவதாக இருந்தது, அதுவும் ஷார்ட்ஸ்டாப் என்று. விருந்தாளி அணிதான் முதலில் பேட் பிடிக்கும். கெரிக் வந்தார், ஒரு ஹிட் அடித்தார், ஃபர்ஸ்ட் பேஸை அடைந்தார், வெளியே போய்விட்டார். ஷார்ட்ஸ்டாப் ரெட் ரோல்ஃப் அவர் இடத்துக்கு ஓட வந்தார். எண்ணிக்கையில் ஒன்று கூடிவிட்டது. இது ஆட்டமா, வருகைப் பதிவேட்டில் கையெழுத்தா? எவரெட் ஸ்காட்டை யோசிக்காமல் உட்கார வைத்த ஹக்கின்ஸ் இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருக்கமாட்டார் என்பது என் எண்ணம். அவர் 1929-லேயே இறந்துவிட்டார். 1934-இல் மேனேஜர் ஜோ மெக்கார்த்தி.

அதே மெக்கார்த்தி 1939-இல் கெரிக்கை எடுக்க மனமில்லாமல் தவித்தார். எட்டு ஆட்டத்தில் நான்கே ஹிட், சராசரி .143. ஏப்ரல் 30 அன்று தரையில் உருண்டு வந்த ஒரு சாதாரணப் பந்தை எடுத்துக்கொண்டு கெரிக் தட்டுத்தடுமாறி பேஸை மிதித்தார். பிட்சர் ஜானி மர்ஃபியும் மற்றவர்களும் "நல்ல ஆட்டம் லூ" என்று பாராட்டினார்கள். பதினான்கு வருடம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலைக்குப் பாராட்டு! அந்த இரக்கம்தான் அவருக்கு உறைத்தது. மே 2 அன்று டெட்ராய்ட்டில் அவரே மெக்கார்த்தியிடம் போய் என்னை எடுத்துவிடுங்கள் என்றார். கேப்டன் என்ற முறையில் தன் பெயர் இல்லாத சீட்டைத் தானே கொண்டுபோய் அம்பயரிடம் கொடுத்தார். யாங்கீஸ் அன்று 22-2 என்று ஜெயித்தது. அவர் வாழ்க்கையில் மிகக் கடினமான ஆட்டம் அவர் ஆடாத அந்த ஆட்டம்தான் என்பேன். நரம்புகளைத் தின்னும் ஏ.எல்.எஸ். நோய் என்பது அடுத்த மாதம்தான் தெரிந்தது. மிஷிகனின் கிராண்ட் ராப்பிட்ஸில் குடியிருந்த வாலி பிப் அந்த மே 2 அன்று டெட்ராய்ட்டில் பார்வையாளராக இருந்தார். பத்திரிகைக்காரர்கள் இப்படி ஒன்றை விடுவார்களா?

கெரிக் இறந்ததும் ஜூன் 2 அன்றுதான், 1941-இல். மறு வருடம் கேரி கூப்பர் நடித்து அவர் கதை திரைப்படமாகவே வந்துவிட்டது. அப்புறம் ஹக்கின்ஸின் ஆள்மாற்றத்தை யார் நினைப்பார்கள்?

கெரிக்கின் சாதனையை முறியடித்தவர் பால்டிமோரின் கால் ரிப்கன். 1995-இல் 2,131-ஐத் தொட்டார், மறு வருடம் ஜப்பானின் சச்சியோ கினுகாசாவின் 2,215-ஐயும் தாண்டினார். கடைசியில் 2,632-இல் நின்றார். 1998 செப்டம்பர் 20, அதுவும் யாங்கீஸுக்கு எதிராக. தலைவலியும் இல்லை, காயமும் இல்லை. மேனேஜரின் அறைக்குப் போய் இன்றைக்கு வேண்டாம் என்றார். அவர் இடத்தில் தேர்ட் பேஸுக்கு அனுப்பப்பட்ட புதுமுகம் ரயன் மைனர் தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்து, ரிப்கனுக்கு இது தெரியுமா என்று கேட்டாராம். முதல் ஆட்டக்காரர் அவுட் ஆனதும் யாங்கீஸ் வீரர்கள் தங்கள் டக்-அவுட்டிலிருந்து எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள்.

மைனர் மொத்தம் 142 மேஜர் லீக் ஆட்டங்கள் ஆடினார். சராசரி .177. கெரிக் இடத்துக்கு வந்த பேப் டால்கிரனை இரண்டு வருடம் கழியுமுன்பே யாங்கீஸ் விற்றுவிட்டது. பிப்பை உட்கார வைத்த அதே நாளில் வார்டின் இடத்துக்கு வந்த ஹோவி ஷாங்க்ஸுக்கு அந்த வருடமே மேஜர் லீகில் கடைசி வருடம். உட்கார்ந்தால் இடம் போய்விடும் என்று சொல்கிறவர்கள் இந்த மூன்று பேரையும் கதையில் சேர்ப்பதில்லை.