தேடிய தேட்டம் யாருக்கு?

யாழ்ப்பாணத்தான் சிக்கனக்காரன் என்பது ஈழத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு. சிலர் இதைப் பாராட்டாகச் சொல்வர். சிலர் ஏளனமாகச் சொல்வர். ஆயினும், சிக்கனம் அவனுடைய பிறவிக் குணம் என்பதில் இருசாராரும் உடன்படுகின்றனர். இதை நாம் ஏற்பதற்கில்லை. மக்களின் பழக்கங்கள் வானத்திலிருந்து இறங்குவன அல்ல. நிலமும் உழைப்பும் சட்டமும் சேர்ந்தே அவற்றை ஆக்குகின்றன.

யாழ்ப்பாண நகருக்கு வடக்கே பலாலி வீதியை அண்டிக் கிடக்கும் திருநெல்வேலியை எடுத்துக்கொள்வோம். ஊரவர் வாயில் இது தின்னவேலி. 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இங்கு பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். 1974இல் அதே வளவிற் பல்கலைக்கழக வளாகம் தோன்றியது. இவற்றால் ஊர் பெயர்பெற்றது உண்மையே. ஆனால் ஊரைத் தாங்கியது செம்மண் தோட்டம். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து தோண்டிய கிணறுகளிலிருந்து துலாவால் இறைத்த நீரே புகையிலையையும் மிளகாயையும் வெங்காயத்தையும் வளர்த்தது. புகையிலை விலைப்பட்டாற் காசு. அதுவரை செலவு மட்டுமே. கைக்கு வந்ததை அடுத்த போகம்வரை பங்கிட்டு உண்ணாத குடும்பத்தின் காணி கைமாறியது. கொட்டைப்பெட்டியிற் பத்திரப்படுத்திய சில்லறையும், உலையில் இடுமுன் ஒதுக்கிய பிடியரிசியும் கிணற்றடி கற்றுக்கொடுத்த பாடங்களே.

அவ்வாறு மிச்சம்பிடித்த பொருள் எங்கே போயிற்று? வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.

ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் எனப் பகுத்தது. கணவனும் மனைவியும் மணவாழ்வின்போது ஈட்டியதே தேடிய தேட்டம். ஒரு தலைமுறையின் தேட்டம் மகனுக்கு முதுசமாகவும் மகளுக்குச் சீதனமாகவும் இறங்கியது. ஆகவே சேமிப்பு பெரும்பாலும் காணியாகவும் நகையாகவும் உருக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலம் கற்ற இளைஞர் மலாயாவிலும் கொழும்பிலும் அரச உத்தியோகம் பார்த்து அனுப்பிய பணமும் இவ்வழியே சென்றது.

கையிற் பணம் உள்ளவன் அதைச் சும்மா வைத்திருக்கவில்லை. தேசவழமை ஏற்றுக்கொண்ட ஒற்றி முறையில், கடன் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பான். முதலைத் திருப்பிக் கொடுக்கும்வரை நிலம் அவன் கையில் இருக்கும். வேலிக்கு இப்பால் ஒருவரின் சிக்கனம் வேலிக்கு அப்பால் மற்றவரின் கடனாயிற்று! மரம் ஏறியவனுக்கும் கூலிக்குக் கொத்தியவனுக்கும் ஒற்றி வைக்கவும் காணி இல்லை. பிறருடைய தோட்டத்தில் நாள்முழுதும் உழைத்த அம்மனிதனிடம், “சேமிக்கத் தெரியாதவன் நீ” என்று சொல்வது அறிவுரையன்று, அவமதிப்பு.

இந்நிலையில்தான் கூட்டுறவு இயக்கம் பிறந்தது. செருமனியில் ரைபைசன் காட்டிய வழியைத் தழுவி, இலங்கையில் 1911ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் கூட்டுறவு நாணய சங்கங்களுக்கு இடமளித்தது. இச்சங்கங்களை நம்மவர் ஐக்கிய நாணய சங்கங்கள் என்றனர். அவற்றின் உட்பொருள் எளியது. ஒருவரையொருவர் அறிந்த அயலவர் சிறுதொகைகளைச் சேர்ப்பர்; கடன் எதற்கென்று கேட்டே கொடுப்பர்; ஒருவர் பட்ட கடனுக்கு எல்லாரும் பொறுப்பேற்பர்; வட்டியாக வந்தது சங்கத்திலேயே தங்கும். விதைக்கும் எருவுக்கும் கேட்டவனுக்குக் கொடுப்பதும், ஊர் மெச்சக் கல்யாணம் செய்யக் கேட்டவனைச் சற்றுச் சிந்திக்கச் சொல்வதும் இவ்வமைப்பில் இயல்வனவாயின. கௌரவத்துக்காகச் செய்யும் செலவைத் தனியொருவன் குறைத்தால் ஊர் நகைக்கும். ஊரே கூடிக் குறைத்தால் நகைப்பவர் யார்?

1929இல் யாழ்ப்பாணத்துக்கெனக் கூட்டுறவு வங்கி ஒன்று அமைந்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த வீ. வீரசிங்கம் போன்ற ஆசிரியர்கள் இயக்கத்தின் முன்னணியில் நின்றனர். 1930களில் மூளாயில் கூட்டுறவு மருத்துவமனை எழுந்தது. கொட்டைப்பெட்டிக்குள் உறங்கிய காசு, நோயாளியின் கட்டிலாக மாறியதைக் காண்கிறோம்.

எனினும் இயக்கத்தின் குறையை மறைத்தல் வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். எல்லாரும் பொறுப்பேற்கும் சங்கம், பிணையாகக் காட்டச் சொத்துள்ளவனையே விரும்பியது. சொத்துடைமையோ சாதியின் வேலிக்குள் அடைபட்டிருந்தது. 1970களின் தொடக்கத்தில் கள்ளிறக்கும் தொழிலாளர் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தபோதுதான், அதுவரை வாசலில் நின்றவர்கள் தம் உழைப்பின் கணக்கைத் தாமே எழுதத் தொடங்கினர்.

பின்னர் வந்தது போர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாம மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினர். தலைமுறைகளின் தேட்டம் வீட்டோடும் கிணற்றோடும் பின்னே கிடந்தது. 2009இல் போர் முடிந்தபின் வங்கிகளும் குத்தகை நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களும் வடக்கில் நுழைந்தன. பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கொருவர் பிணைநிற்கச் செய்தன நுண்கடன் நிறுவனங்கள். ஐக்கிய நாணய சங்கத்தின் அதே பொறுப்புத்தான். ஆனால் வட்டி சங்கத்தில் தங்கவில்லை, நிறுவனத்துக்குச் சென்றது. துன்பம் முற்றவே, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற சிறு நுண்கடன்களுக்கு 2018இல் அரசு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது.

நான்கு ஆண்டுகளுக்குள் நாடே கடனைக் கட்ட இயலாது நின்றது. 2022 செப்டெம்பரிற் பணவீக்கம் நூற்றுக்கு எழுபது வீதத்தை எட்டியது. முந்திய ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கிய பொருளுக்கு நூற்றெழுபது ரூபா கொடுக்கவேண்டியதாயிற்று. ஒழுங்காகச் சேமித்த ஏழையின் புத்தகத்தில் எண் குறையவில்லை, அரிசிதான் குறைந்தது. இதற்கு அவளுடைய எந்த ஊதாரித்தனம் காரணம்?

சிக்கனம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வீண் ஆடம்பரத்தை விடுவதும், வருவாயில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்குவதும் நல்ல பழக்கங்கள். ஆனால் அவை ஒதுக்க ஏதேனும் மிஞ்சுவோர்க்குரிய பழக்கங்கள். மிஞ்சுவதற்குக் கூலி உயரவேண்டும். மிஞ்சியது நிலைக்க, உழைத்தவர் கண்ணுக்கு எட்டும் இடத்தில் அது இருக்கவேண்டும். வகுப்பறையிற் சேமிப்பைப் போதிக்கும் ஆசிரியர்கள், தம் ஊர்ச் சங்கத்தின் கணக்கேட்டையும் மாணவர் கையிற் கொடுக்கட்டும். யார் இட்டார், யார் எடுத்தார், யாருக்கு வாசல் அடைக்கப்பட்டது என்று அவர்கள் படித்தறியட்டும். வாசல் அடைக்கப்பட்டவர்களையும் உள்ளே அழைத்து அச்சங்கத்தை மீண்டும் கட்டும் பணி அங்கிருந்து தொடங்கும்.