அபி லிங்கன்: ஒரு குரலின் உரிமை

ஜாஸ் பாடகியரைப் பற்றி எழுதுவோர் அவர்தம் குரல்வளத்தை விதந்துரைப்பதோடு நின்றுவிடுதல் வழக்கம். அபி லிங்கனைப் (1930–2010) பொறுத்தவரை இவ்வணுகுமுறை போதாது. பாடகி, நடிகை, பாடலாசிரியை, கட்டுரையாளர் எனப் பல துறைகளில் அவர் இயங்கியமை திறமையின் விளைவு மட்டுமன்று. தமது குரல் யாருக்கு உரியது என்ற வினாவே அவரைச் செலுத்தியது என நாம் கருதுகிறோம்.

சிக்காகோவில் பிறந்த அவரது இயற்பெயர் அன்னா மரி வூல்றிட்ஜ். ‘அபி லிங்கன்’ பாடலாசிரியர் பொப் றசல் சூட்டிய பெயர். 1956இல் வெளிவந்த ஹொலிவூட் படமொன்றில், மர்லின் மன்றோ முன்னர் அணிந்த ஆடையை அணிவித்தே அவரைப் பாடவைத்தனர். பாட்டினும் தோற்றமே விலைப்பொருளாயிற்று. பின்னர் அவ்வாடையை அவர் எரித்துவிட்டார்.

தாளவாத்தியக் கலைஞர் மக்ஸ் றோச்சுடன் ஏற்பட்ட தொடர்பு அவரது போக்கை மாற்றியது. 1960 மார்ச்சில் தென்னாபிரிக்காவின் ஷார்ப்வில்லில் 69 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். சில மாதங்களின் பின் பதிவாகிய றோச்சின் ‘சுதந்திரம் இப்போதே’ இசைக்கோவை, அமெரிக்க அடிமைமுறையிற் தொடங்கி ஜொகனஸ்பேர்க்கில் முடிகிறது. அதன் நடுப்பகுதி ஈண்டு நமது சிறப்பான கவனத்துக்குரியது. பிரார்த்தனை, எதிர்ப்பு, அமைதி என மூன்று கூறுகளாய் அமைந்த அப்பகுதியிற் சொற்களே இல்லை. குரலும் முரசும் மட்டுமே. ‘எதிர்ப்பு’ என்னும் கூறில் ஒரு நிமிடத்துக்கும் மேலாக லிங்கன் அலறுகிறார். இனிமையே பாடகியின் இலக்கணம் எனக் கொண்டோருக்கு அது இசையாகவே தோன்றியிராது.

1961 பெப்ரவரியில், லுமும்பா கொலையைக் கண்டித்து ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையில் எழுந்த ஆர்ப்பாட்டத்தில் அவரும் பங்குகொண்டார். அதே ஆண்டில் வெளிவந்த அவரது இசைத்தட்டை, இனத்தையே தொழிலாக்கிக்கொண்டவர் என்ற பொருள்பட ‘டவுன் பீற்’ விமர்சகர் சாடினார். கலை வேறு, பிரசாரம் வேறு என்னும் இவ்வாதம் நமக்கும் புதிதன்று. அறுபதுகளில் அதன்பின் அவர் பெயரில் வேறெந்த இசைத்தட்டும் வெளிவரவில்லை.

எனினும் அவர் மௌனியாகவில்லை. 1964இல் ‘நத்திங் பட் எ மேன்’ திரைப்படத்தில், தென்மாநிலத் தொழிலாளி ஒருவனின் மனைவியான ஆசிரியையாக நடித்தார். 1966இல் ‘நீக்ரோ டைஜஸ்ற்’ இதழில் எழுதிய கட்டுரையில், கறுப்பினப் பெண்ணை மதிப்பவர் யார் எனக் கேட்டார். அக்கேள்வி கறுப்பின ஆடவரையும் நோக்கியதாகும். விடுதலை பேசுவோர் விரும்பிக் கேட்காத கேள்வி அது.

1990 முதல் வேர்வ் நிறுவனம் அவரது இசைத்தட்டுகளை வெளியிட்டது. தாமே இயற்றிய பாடல்களை அவற்றில் தொடர்ந்து பாடினார். 2007இல் வெளிவந்த இறுதித் தொகுப்பின் பெயர், ‘அபி, அபியைப் பாடுகிறார்’.